வாசகர் கேள்வி – பதில்: ஒரு வரிக் காட்டுத்தீ

சென்ற இதழில், வரலாற்றில் பதிவான பெரிய காட்டுத்தீ நிகழ்வுகளைப் பட்டியலிடுமாறு கேட்டிருந்த அன்பர் ஒருவருக்கு எழுதிய பதிலில், “1825 அக்டோபர் 7, கனடாவின் நியூ பிரன்சுவிக், மிராமிச்சி ஆற்றங்கரை, எரிந்தது 6,000 சதுர மைல், இறந்தோர் 160 பேர்” என்று ஒரு வரியைச் சேர்த்திருந்தேன். பட்டியலின் மற்ற வரிகளைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. இந்த வரியைப் பற்றி மட்டும் கடிதத்துக்கு மேல் கடிதம் வந்துவிட்டது. ஆகவே இம்மாதம் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: 6,000 சதுர மைல் என்றால் 38 லட்சம் ஏக்கருக்கு மேல் வருகிறது. என்னிடம் உள்ள ஆங்கிலப் பொது அறிவு நூலில் அதே தீக்கு 30 லட்சம் ஏக்கர் என்று போட்டிருக்கிறது. நடுவில் எட்டு லட்சம் ஏக்கர் எங்கே போயிற்று? (திருச்சி வாசகர்)

பதில்: தங்கள் கணக்கு சரி; என் வரிதான் சரியில்லை. ஒரு சதுர மைலுக்கு 640 ஏக்கர் வீதம் 6,000 சதுர மைலுக்கு 38 லட்சத்து 40 ஆயிரம் ஏக்கர் வரும். தங்கள் நூலில் உள்ள 30 லட்சம் அமெரிக்கக் காட்டுத்தீப் பட்டியல்களில் வழக்கமாகக் காணப்படும் எண். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பட்டியல்கள் இத்தீயை ‘மிராமிச்சி மற்றும் மெயின்’ என்று குறிப்பிடுகின்றன. அதாவது எல்லைக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் அதே பருவத்தில் எரிந்த காட்டையும் சேர்த்துக்கொண்ட பிறகுதான் 30 லட்சம். நியூ பிரன்சுவிக்கை மட்டும் சொல்லும் 6,000 சதுர மைலோ அதைவிடப் பெரியது. இரண்டையும் கூட்டிய தொகை அவற்றுள் ஒன்றைவிடக் குறைவாக இருக்க முடியாது என்பதற்குக் கணிதம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. இரு எண்களும் ஒரே அளவையிலிருந்து பிறக்கவில்லை. இன்னும் சரியாகச் சொன்னால், இரண்டுமே எந்த அளவையிலிருந்தும் பிறக்கவில்லை.

6,000 சதுர மைல் ஏறத்தாழ 15,500 சதுர கிலோமீட்டர். நியூ பிரன்சுவிக்கின் ஐந்தில் ஒரு பங்கு. நம் கணக்கில் தமிழ்நாட்டின் எட்டில் ஒரு பங்கு. 1825-இல் அந்நிலத்தின் உட்பகுதிக்குச் சாலை கிடையாது. ஆறுதான் சாலை. மக்கள் வாழ்ந்ததும் தீயைக் கண்டதும் ஆற்றோரத்தில் நின்றுதான். எரிந்த காட்டின் விளிம்பை ஒருவரும் நடந்து பார்த்து எழுதவில்லை. இங்கே எரிந்தது, ஐம்பது மைலுக்கு அப்பால் இன்னோர் ஆற்றங்கரையிலும் எரிந்தது என்று செய்தி வந்தால், அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள அனைத்தும் எரிந்ததாகக் கொள்வதே அன்றைக்கு எளிதாக இருந்தது. காட்டுத்தீ அப்படிக் கோலமாவு பரப்பியதுபோல் எரிவதில்லை. சதுப்பும் ஏரிக்கரையும் ஈரமான பள்ளங்களும் தப்பிவிடும். பெரும் பரப்புக்குள் பச்சைத் திட்டுகள் நிறைய மிஞ்சும். அத்திட்டுகளைக் கழித்துச் சொன்ன எண் பழைய நூல்களில் இல்லை.

இன்னொரு பிழையையும் நானே சொல்லிவிடுகிறேன். ‘கனடாவின்’ என்று எழுதியிருக்கக் கூடாது. 1825-இல் நியூ பிரன்சுவிக் தனியொரு பிரிட்டிஷ் குடியேற்றம்; கனடா என்ற கூட்டாட்சியில் அது சேர்ந்தது 1867-இல்தான். பட்டியலிலிருந்து பட்டியலுக்குப் பெயர்த்தெழுதும்போது எண்ணோடு இப்படிப்பட்ட பிழைகளும் சேர்ந்தே பயணம் செய்கின்றன. நானும் அப்படிப் பெயர்த்தெழுதியவன்தான்.

கேள்வி: அன்றிரவு நடந்தது என்ன? அதை யார் எழுதி வைத்தார்கள்? அவர்களை எவ்வளவு தூரம் நம்பலாம்? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: ஐயமின்றிச் சொல்லக்கூடியது இது. அவ்வாண்டு கோடையும் இலையுதிர் காலத்தின் தொடக்கமும் வழக்கத்துக்கு மாறாக வெப்பமாகவும் மழையின்றியும் கழிந்தன. குடியேற்றத்தின் பல இடங்களில் வாரக்கணக்கில் சிறுசிறு நெருப்புகள் புகைந்துகொண்டிருந்தன. செப்டம்பர் 19-ஆம் நாள் தலைநகர் ஃபிரெடெரிக்டனில் ஆளுநர் மாளிகை எரிந்தது. அது தனி விபத்து என்றாலும், எல்லாம் உலர்ந்து கிடந்த பருவத்தைக் காட்டுகிறது. அக்டோபர் 7, வெள்ளிக்கிழமை. மாலைக்குப் பிறகு பெருங்காற்று எழுந்தது. சில மணி நேரத்துக்குள் மிராமிச்சி ஆற்றின் வடகரையிலிருந்த நியூகாசில் ஊர் சாம்பலாயிற்று. 260 கட்டடங்களில் 12 மட்டும் மிஞ்சின என்பது வழிவழியாக வரும் கணக்கு. பக்கத்திலிருந்த டக்ளஸ்டவுனும் அழிந்தது. தென்கரையிலிருந்த சாத்தம் தப்பியது. மக்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்றார்கள். படகிலும் கட்டுமரத்திலும் அக்கரைக்குப் போனார்கள். அவர்களுக்குப் பக்கத்திலேயே மாடுகளும் காட்டு விலங்குகளும் நீரில் நின்றதாகப் பல குறிப்புகள் சொல்கின்றன. அதே நாளில் வெகு தொலைவிலுள்ள ஃபிரெடெரிக்டனிலும் வீடுகள் எரிந்தன. (நியூகாசில், டக்ளஸ்டவுன், சாத்தம் மூன்றும் 1995 முதல் மிராமிச்சி என்ற ஒரே நகராட்சி, வரைபடத்தில் பழைய பெயர்களைத் தேடி ஏமாற வேண்டாம்.)

எழுதி வைத்தவர்களுக்கு வருவோம். தந்தி இல்லாத காலம். செய்தி குதிரையிலும் கப்பலிலும் போயிற்று. முதலில் எழுந்தவை கடிதங்கள். அவற்றைத் திரட்டி அவ்வாண்டிலேயே சிறு வெளியீடுகள் அச்சாயின; அவற்றின் முதல் நோக்கம் உதவி திரட்டுவது. பிரிட்டனிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் அண்டைக் குடியேற்றங்களிலிருந்தும் பணமும் துணியும் உணவும் வந்து சேர்ந்தன என்பதைப் பார்த்தால், அந்த எழுத்து தன் வேலையைச் செய்தது என்றே சொல்ல வேண்டும். ஆனால், படிப்பவர் பணப்பையைத் திறக்க வேண்டும் என்பதற்காக எழுதப்பட்ட பக்கத்தை, படிப்பவர் வரைபடம் வரைய வேண்டும் என்பதற்காக எழுதப்பட்ட பக்கமாக நாம் எடுத்துக்கொள்ளலாகாது.

பின்வந்தவர்கள் மிகுதியாகச் சார்ந்திருப்பது ராபர்ட் கூனி என்பவரை. அயர்லாந்தில் பிறந்து மிராமிச்சியில் வந்து வாழ்ந்தவர். 1832-இல் ஹாலிஃபாக்சில் அச்சான தம் வட்டார வரலாற்றில் இத்தீயை விரிவாக வருணித்தார். நண்பகலளவில் காட்டிலிருந்து வெளிறிய, ஊதாச் சாயல் படிந்த மூடுபனி ஒன்று எழுந்தது என்கிறார். பிறகு மணிக்கு மணி வானம் எப்படி மாறிற்று, காற்று எப்போது தொடங்கியது, இரைச்சல் எப்போது காதில் விழுந்தது என்று அடுக்கிக்கொண்டே போகிறார். இந்த மணிக்கணக்குதான் அவர் பக்கங்களில் மிகுந்த பயன் தருவது. புகை அடங்கிக் கிடந்த அமைதியான பகல், பொழுது சாய்ந்ததும் திடீரென்று கடுங்காற்று என்ற வரிசை, வானிலை மாற்றம் ஒன்று அன்று மாலை அப்பகுதியைக் கடந்து சென்றிருக்க வேண்டும் என்று ஊகிக்க இடம் தருகிறது. ஆனால் அடுத்த பத்தியிலேயே அவர் தீர்ப்பு நாளின் மொழிக்கு மாறிவிடுகிறார். ஏழு ஆண்டு கழித்து, ஊரார் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதையை, விவிலியம் மனப்பாடமாகத் தெரிந்த ஒருவர் எழுதும்போது வேறு எப்படி எழுதுவார்? நேரமும் இடமும் சொல்லும் வாக்கியங்களை எடுத்துக்கொண்டு, உவமை சொல்லும் வாக்கியங்களை ரசித்துவிட்டு வைத்துவிடுவதே நான் செய்வது.

இன்னொரு வகை ஆவணம் உண்டு. அதுதான் என் பார்வையில் மிகவும் சுவையானது. இழப்பீட்டுக்காகவும் உதவிக்காகவும் எழுதப்பட்ட கணக்குகள். வீடு, கொட்டில், அறுவை ஆலை, மாடு, வைக்கோல், அறுவடை செய்து வைத்த உருளைக்கிழங்கு என்று ஒவ்வொன்றும் அதில் ஏறும். ஏறாதது காடு. பெரும்பகுதிக் காடு மன்னருக்குரிய நிலம். தன் கொட்டில் எரிந்தவன் மனு எழுதுவான். மன்னரின் பைன் மரத்துக்காக யார் மனு எழுதுவார்? ஆகவே ஒரு காட்டுத்தீயைப் பற்றிய மிகத் துல்லியமான ஆவணத்தில் காடு இல்லை. ஊர் எரிந்த கணக்கு எண்ணியது. காடு எரிந்த கணக்கு மதிப்பிட்டது. இரண்டையும் ஒரே வரியில், ஒரே தொனியில், காற்புள்ளியால் பிரித்து நான் சென்ற இதழில் எழுதியது தவறு.

கேள்வி: யார் வைத்த நெருப்பு? (ஈரோடு வாசகர்)

பதில்: ஒருவரைச் சுட்டிக்காட்ட முடியாது. புதிதாகக் குடியேறியவர்கள் நிலத்தைத் திருத்துவதற்கு வெட்டிய மரங்களைக் கொளுத்துவது வழக்கம்; மரவெட்டிகள் காட்டுக்குள் சமைத்தார்கள், குளிர் காய்ந்தார்கள். இதோடு ஒரு பொருளாதாரக் காரணமும் சேர்கிறது. நெப்போலியன் காலத்தில் பால்டிக் கடல் வழியாகப் பிரிட்டனுக்கு வந்துகொண்டிருந்த மரம் தடைப்படவே, 1807-க்குப் பிறகு நியூ பிரன்சுவிக்கின் வெண்பைன் மரத்துக்குப் பெருங்கிராக்கி ஏற்பட்டது. கப்பலில் இடம் வீணாகாதிருக்க, வெட்டிய மரத்தை அங்கேயே அகலக் கோடரியால் நான்கு பக்கமும் செதுக்கிச் சதுரக் கட்டையாக்கி ஆற்றில் விட்டார்கள். செதுக்கிய சிராய்களும் கிளைகளும் நுனிகளும் காட்டுத் தரையிலேயே கிடந்து காய்ந்தன. விறகு அடுக்கி வைத்தாயிற்று. தீக்குச்சி எது என்று தேடுவதில் பெரிய பொருள் இல்லை.

கேள்வி: 160 பேர் என்பதாவது உறுதியான எண்ணா? (யாழ்ப்பாணம் வாசகர்)

பதில்: எரிந்த பரப்பைவிட உறுதியானது, ஆனால் அது எண்ணப்பட்டவர்களின் எண்ணிக்கை என்பதை மறக்கக் கூடாது. நியூ பிரன்சுவிக்கில் 1824-இல்தான், அதாவது தீக்கு முந்தைய ஆண்டில்தான், மக்கள்தொகைக் கணக்கு எடுத்தார்கள். அது இருக்கிறதே, கழித்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். தெரியாது. மிராமிச்சியில் மரவேலைக்கு வருபவர்கள் பருவத்துக்குப் பருவம் மாறுகிறவர்கள். அயர்லாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் மரக்கப்பல் திரும்பி வரும்போது ஏறி வந்தவர்களும் உண்டு. இலையுதிர் காலம் குளிர்காலத்து வெட்டுக்காக ஆட்கள் காட்டுக்குள் போய் முகாம் போடும் பருவம். அக்டோபர் முதல் வாரத்தில் எந்த ஓடையோரம் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதற்குப் பதிவேடு கிடையாது. அந்நிலத்தின் பழங்குடிகளான மிக்மாக் மக்களைப் பற்றியோ, தீயை எழுதிய ஆவணங்கள் மிகக் குறைவாகவே பேசுகின்றன.

எண் கூடியிருக்கத்தான் முடியும் என்றும் அவசரப்பட்டுச் சொல்லிவிட வேண்டாம். அக்கரைக்குத் தப்பிப் போனவரையும், கப்பலேறி வேறு துறைமுகத்துக்குப் போய்விட்டவரையும் முதல் வாரக் கடிதங்கள் இறந்தவர் பக்கத்தில் எழுதியிருக்கக்கூடும். பேரிடருக்குப் பின் எழும் முதல் எண்ணிக்கை இரு பக்கமும் தவறும்; பெயர் தெரிந்தவர் விஷயத்தில் மிகும், பெயர் தெரியாதவர் விஷயத்தில் குறையும்.

கேள்வி: மனிதர்களை விடுங்கள். மரங்களே சாட்சி சொல்லாதா? மரத்தின் வளையத்தைப் பார்த்து எந்த ஆண்டு தீப்பிடித்தது என்று சொல்லலாம் என்று படித்திருக்கிறேன். (தேனி வாசகர்)

பதில்: சொல்லலாம். எப்படி என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம். ஏனென்றால் இந்தத் தீ விஷயத்தில் அம்முறை எங்கே கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதில்தான் முழுச் சிக்கலும் இருக்கிறது.

தரையோடு மெதுவாகப் போகும் நெருப்பு, பெரிய பைன் மரத்தைக் கொல்வதில்லை. அடிமரத்தின் ஒரு பக்கத்துப் பட்டைக்கு அடியிலுள்ள வளர்திசுவை மட்டும் சுட்டுவிட்டுப் போகும். அடுத்த ஆண்டு முதல், உயிரோடிருக்கும் இரு ஓரங்களிலிருந்தும் புதுக் கட்டை சுருண்டு வந்து காயத்தை மூட முயலும். பிசின் ஊறிக் காயத்தைப் பாதுகாக்கும். பல ஆண்டு கழித்து அம்மரத்தைக் குறுக்கே அறுத்து, தேய்த்து வழவழப்பாக்கி உருப்பெருக்கியில் வைத்தால், வட்டமான வளையங்களுக்கிடையே ஓரிடத்தில் கறுத்த மடிப்பு ஒன்று தெரியும். அதுதான் தீத்தழும்பு. வெளியிலிருந்து எண்ணுவது போதாது. சில வறண்ட ஆண்டுகளில் வளையம் உருவாகாமலே போய்விடும். ஆகவே அகன்ற வளையம், குறுகிய வளையம் என்ற வரிசையை அதே வட்டாரத்துப் பிற மரங்களோடு பொருத்திப் பார்த்துத்தான் ஆண்டை உறுதி செய்வார்கள். பொருந்திவிட்டால் ஆண்டு மட்டுமல்ல, பருவமும் தெரியும். ஒவ்வோர் ஆண்டு வளையத்திலும் வசந்தத்தில் வளர்ந்த வெளிர்ப் பகுதியும் கோடையின் பிற்பகுதியில் வளர்ந்த அடர் பகுதியும் உண்டு. அக்டோபர் 7 என்றால் அவ்வடதேசத்தில் மரம் அவ்வாண்டு வளர்ச்சியை முடித்துவிட்டது. ஆகவே மிராமிச்சித் தீயின் தழும்பு 1825-இன் அடர் பகுதி முடிந்து 1826-இன் வெளிர்ப் பகுதி தொடங்கும் கோட்டில் விழ வேண்டும். நடுவளையத்தில் விழுந்தால் அது வேறு தீ.

இனிச் சிக்கல். தழும்பு விழுவதற்கு மரம் பிழைத்திருக்க வேண்டும். ஸ்ப்ரூஸ், ஃபர் மரங்கள் நெருங்கி வளர்ந்த காட்டில் பெருங்காற்றோடு வரும் தீ உச்சிக்கிளைவரை ஏறி எல்லாவற்றையும் கொன்றுவிடும். மிகக் கடுமையாக எரிந்த இடத்தில் சாட்சி சொல்ல மரமே இராது. மெல்ல எரிந்த ஓரங்களில்தான் சாட்சி கிடைக்கும். கடுமையாக எரிந்த இடத்துக்கு வேறு தடயத்தைத் தேட வேண்டும்: ஒரு பரப்பு முழுவதிலும் மரங்கள் ஒத்த வயதுடையனவாக, அதாவது 1826-ஐ அடுத்த சில ஆண்டுகளில் முளைத்தவையாக இருக்கின்றனவா என்று பார்ப்பது. அதிலும் ஏமாறலாம். அவ்வட்டாரத்தில் ஸ்ப்ரூஸ் மொட்டுப்புழு பெருகிக் காட்டையே வெறுமையாக்கும் காலங்கள் உண்டு. புயல் காடு முழுவதையும் சாய்த்துவிடுவதும் உண்டு. அவற்றுக்குப் பிறகும் ஒத்த வயதுக் காடு எழும். போதாததற்கு, ஃபர், வெள்ளைப் பிர்ச் போன்றவை பெரும்பாலும் நூற்றைம்பது ஆண்டைத் தாண்டுவதில்லை. தாண்டக்கூடிய பைன் மரங்களை மரவணிகம் விட்டு வைக்கவில்லை. இருநூறு ஆண்டு கழித்து நாம் சாட்சிக் கூண்டை நிறுவும்போது சாட்சிகள் பலர் காலமாகிவிட்டனர்.

ஏரியடிச் சேற்றில் படிந்த கரித்துகளைப் பார்க்கலாமே என்று தாங்கள் அடுத்துக் கேட்கக்கூடும். பார்க்கலாம், ஆனால் 1825 என்ற ஆண்டுக்கு ஒரு துரதிர்ஷ்டம் உண்டு. அண்மைக்காலச் சேற்றின் வயதைச் சொல்லும் ஈயம்-210 முறை ஏறத்தாழ 150 ஆண்டுக்கு மேல் எட்டாது. அதன் அரை ஆயுள், அதாவது அது சிதைந்து பாதியாகும் காலம், 22 ஆண்டுதான், அதற்குப் பிறகு அளப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. பழைய சேற்றுக்குப் பயன்படும் கார்பன்-14 முறையோ, கடந்த மூன்று நூற்றாண்டுக்குள் வரும் பொருளுக்கு ஒரே அளவீட்டுக்குப் பல தேதிகளைக் காட்டித் திணறும். ஒரு கடிகாரம் நின்றுபோன பிறகும், இன்னொரு கடிகாரம் ஓடத் தொடங்குவதற்கு முன்பும் உள்ள இடைவெளியில் நம் தீ விழுந்துவிட்டது. ஆண்டுக்கு ஓர் அடுக்காகச் சேறு படியும் அரிய ஏரிகளில் மட்டும் அடுக்குகளை எண்ணித் தப்பிக்கலாம்.

கேள்வி: பழைய எண்ணை இதுவரை ஒருவரும் சோதித்துப் பார்க்கவில்லையா? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: பார்த்தார்கள், ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருப்பிப் போட்டார் என்பதுதான் கதை.

வில்லியம் ஃபிரான்சிஸ் கனாங் நியூ பிரன்சுவிக்கில் பிறந்து, அமெரிக்காவில் மாசசூசெட்சில் தாவரவியல் கற்பித்தவர். கோடை விடுமுறை வந்தால் சொந்த மண்ணுக்குத் திரும்பித் தோணியிலும் கால்நடையாகவும் அதன் உட்பகுதியெல்லாம் சுற்றி, ஆறுகளையும் மலைகளையும் வரைபடமாக்கிக்கொண்டிருந்தார். அவர் 1906-இல், மிராமிச்சித் தீயின் எல்லைகளை மட்டுமே பொருளாகக் கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். பழைய நூல்களில் எரிந்ததாகக் குறிக்கப்படும் பரப்பு மிகைப்படுத்தப்பட்டது என்ற பக்கமே அவர் சாய்ந்தார். மேசையில் உட்கார்ந்து எழுதியவரல்லர், காட்டை நடந்து பார்த்தவர் என்பதால் அவர் சொல்லுக்கு மதிப்பு அதிகம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், “பெரிய தீதான், ஆனால் சொன்ன அளவுக்கு இல்லை” என்ற கருத்து நிலைபெற்றுவிட்டது. மெல்ல மெல்ல அத்தீயே மறக்கப்பட்டது.

கனடாவின் வெஸ்டர்ன் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் ஆலன் மக்கேக்கர்ன் 2020-இல் இத்தீயைப் பற்றி முழு நூல் வெளியிட்டார். அவர் கேட்ட கேள்வி எளியது: அந்தச் சந்தேகம் எங்கிருந்து வந்தது? தொடக்க அறிக்கைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. அத்தோடு நியூ பிரன்சுவிக்கின் காடும் பொருளாதாரமும் விரைவிலேயே மீண்டெழுந்தன. இவ்விரண்டும் சேர்ந்து, அழிவு மிகையாகச் சொல்லப்பட்டது என்ற எண்ணத்தைப் பிற்காலத்தாரிடம் உண்டாக்கின என்கிறார் அவர். இதை யோசித்துப் பார்த்தால் எவ்வளவு இயல்பு! எண்பது ஆண்டு என்பது அம்மண்ணில் ஒரு காடு மறுபடி நிமிர்ந்து நிற்கப் போதுமான காலம். ஓங்கி வளர்ந்த காட்டுக்குள் நடக்கும் ஒருவருக்கு, இங்கே தீ வந்திருக்கும் என்று எப்படித் தோன்றும்? எரிந்தும் சாயாமல் நின்ற பைன் மரங்களைச் சில ஆண்டுகளுக்குள் வெட்டி விற்றுவிடவும் முடியும். ஏற்றுமதிக் கணக்கைப் பார்ப்பவருக்கு அங்கேயும் தீ தெரியாது.

மக்கேக்கர்னுக்குக் கனாங்குக்குக் கிடைக்காத கருவி ஒன்று கிடைத்தது. பழைய செய்தித்தாள்களும் நூல்களும் கையெழுத்து ஆவணங்களும் மின்வடிவில் வந்துவிட்டதால், எங்கோ ஓர் ஊர்க் குறிப்பில் போகிற போக்கில் வரும் ஒரே ஒரு வரியைக்கூட இன்று தேடி எடுக்க முடிகிறது. அத்தகைய நூறு வரிகளை வரைபடத்தில் ஒவ்வொரு புள்ளியாக வைத்துப் பார்ப்பது, ஒரே ஒரு கூனியின் அத்தியாயத்தை நூறு முறை படிப்பதைவிட மேல்.

இந்த வழக்கில் நான் யார் பக்கம் என்று கேட்டால், அளவு விஷயத்தில் மக்கேக்கர்ன் பக்கம் சாய்கிறேன். ‘ஒரே தீ’ என்ற சொல் விஷயத்தில் எவரோடும் சேரமாட்டேன். ஃபிரெடெரிக்டனில் அதே நாளில் வீடுகள் எரிந்தன, மெயினில் அதே பருவத்தில் காடு எரிந்தது என்பதெல்லாம், ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்த பல நெருப்புகளை ஒரே காற்று ஒரே நாளில் ஊதிப் பெரிதாக்கியது என்பதையே காட்டுகின்றன. ஊரின் பெயர் ஒன்றைச் சூட்டியதும் அவை ஒன்றாகிவிட்டன.

கேள்வி: தீயை நேரில் கண்டு எழுதிய ஒருவரும் இல்லாமல், பிற்காலத்தில் கண்டுபிடிக்கப்பட்ட காட்டுத்தீ உண்டா? (பெங்களூர் வாசகர்)

பதில்: உண்டு, அதுவும் ஒரு வெள்ளிக்கிழமைதான். 1780 மே 19, அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியில் நண்பகலுக்கு முன்பே இருட்டத் தொடங்கியது. மதியச் சாப்பாட்டுக்கு மெழுகுவத்தி ஏற்றினார்கள், பறவைகள் கூடடைந்தன. கனெக்டிகட் சட்டமன்றத்தில், உலகம் முடியப்போகிறது, அவையை ஒத்திவைக்கலாம் என்று பேச்சு எழுந்தபோது, ஆபிரகாம் டேவன்போர்ட் என்ற உறுப்பினர் மெழுகுவத்தி கொண்டுவரச் சொல்லி வேலையைத் தொடரச் செய்தார் என்பது அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை.

ஹார்வர்டு பேராசிரியர் சாமுவேல் வில்லியம்ஸ் அன்றைய இருளைப் பற்றிப் பல ஊர்களிலிருந்து குறிப்புகளைத் திரட்டினார். முந்தைய சில நாள்களாகவே சூரியனும் நிலவும் சிவந்து தெரிந்தன. பிடித்து வைத்த மழைநீரின் மேல் கறுப்பு ஆடை படிந்தது, அதில் கரிந்த இலையின் வாடை வீசியது என்பவை போன்ற செய்திகள் பதிவாயின. தொலைவில் எங்கோ காடு எரிகிறது, அதன் புகை மேகத்தோடும் மூடுபனியோடும் கலந்துவிட்டது என்று அன்றைக்கே சிலர் சரியாக ஊகித்தார்கள். எங்கே என்பதுதான் தெரியவில்லை. மேற்கே இருந்த காட்டுநிலத்தில் தீயைக் கண்ட பழங்குடி மக்களின் சாட்சியம் பாஸ்டன் அச்சகங்களை எட்டவில்லை.

2007-இல் மிசூரி பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள், பாஸ்டனுக்கு வடமேற்கே சுமார் 700 கிலோமீட்டர் தொலைவில், இன்றைய ஒன்டாரியோவின் அல்கோங்குவின் மேட்டுநிலத்துச் செம்பைன் மரங்களில் 1780-ஐச் சேர்ந்த தீத்தழும்புகள் இருப்பதை வெளியிட்டார்கள். இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். இருண்ட நாளுக்குத் தேதி துல்லியம், இடம் தெரியாது. மரங்கள் இடத்தைத் தந்தன, ஆனால் மே 19 என்ற நாளை அவை தரவில்லை, தரவும் முடியாது. மழைநீரில் மிதந்த கரியும் 700 கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு மரத்தின் மடிப்பும் ஒன்றையொன்று இட்டு நிரப்பிய பிறகுதான் அது ஒரு காட்டுத்தீயாயிற்று. மிராமிச்சியில் நேர்மாறு: நாளும் ஊரும் மணியும் தெரியும், விளிம்பு தெரியாது.

கேள்வி: இவ்வளவும் சொன்ன பிறகு, அந்த வரியை இப்போது எப்படி எழுதுவீர்கள்? (திருச்சி வாசகர் தம் கடிதத்தின் முடிவில் கேட்டிருப்பது)

பதில்: ஒரே வரியில் எழுத முடியாது, இடம் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். சென்ற இதழைச் சேமித்து வைத்திருப்பவர்கள், பழைய வரியை அடித்துவிட்டு இதை ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம்:

“1825 அக்டோபர் 7 இரவு, பிரிட்டிஷ் குடியேற்றமான நியூ பிரன்சுவிக். வறட்சியால் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த பல நெருப்புகள் பெருங்காற்றில் மூண்டன. மிராமிச்சி ஆற்றங்கரையில் நியூகாசிலும் டக்ளஸ்டவுனும் அழிந்தன. எண்ணப்பட்ட உயிரிழப்பு சுமார் 160. காட்டு முகாம்களில் இருந்தோர் கணக்கில் முழுமையாக வரவில்லை. எரிந்த காடு 6,000 சதுர மைல் என்பது அக்கால மதிப்பீடு, அளவீடு அன்று. அதே பருவத்தில் மெயினில் எரிந்தது இதில் சேராது.”